ஆட்டிசமுள்ள குழந்தையும் அதன் கல்வியும்

நமது மில்லர்புரத்துச் சாலைகளிலே காலைதோறும் பள்ளிக்கூடங்களை நோக்கிச் செல்லும் சிறுவர் கூட்டத்தைக் காணாதார் இலர். அக்கூட்டத்திற் சேராது வீட்டிலேயே தங்கிவிடும் குழந்தைகளும் சிலர் உளர். அவர்களுள் ஆட்டிசமுடைய குழந்தைகளைக் குறித்து ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

ஆட்டிசமென்பது மூளை வளரும் முறையிலுள்ள ஒரு வேறுபாடு. அது தொற்று நோயன்று, பேய்பிடித்தலுமன்று. 1943-ஆம் ஆண்டிலே, அமெரிக்க தேசத்து வைத்தியராகிய லியோ கானர் என்பார் 11 குழந்தைகளின் இயல்பை ஆராய்ந்து இதனை விவரித்தார். பின்னர், தாயின் அன்புக்குறைவே இதற்குக் காரணமென்றதொரு கொள்கை பரவி, எண்ணிறந்த தாய்மாரை வருத்திற்று. ஆட்டிசமுள்ள மகனுக்குத் தந்தையாகிய பெர்னார்டு ரிம்லண்டு என்பார் 1964-இல் ஒரு நூலியற்றி அதனை மறுத்தார். இன்று அக்கொள்கை முற்றிலும் தள்ளுண்டது. ஆகவே, பெற்றோரைப் பழித்தல் அறியாமையேயாம்.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டிய பொருளை விரலாற் சுட்டாமை, கேட்ட சொல்லையே மீளமீளச் சொல்லுதல், நாள்முறை சிறிது மாறினும் கலங்குதல், பனிமய மாதா திருவிழாவின் வெடியோசை போன்ற பேரொலிகளைப் பொறுக்க மாட்டாமை முதலியன இதன் அடையாளங்களாகலாம். இவையெல்லாம் ஒரே குழந்தையிடம் காணப்படவேண்டுமென்பதில்லை. ஐயம் தோன்றின், "ஆண்பிள்ளை மெல்லத்தான் பேசுவான்" என்று காலம் போக்காது, குழந்தை வைத்தியரை அணுகல்வேண்டும். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிதற்கென அரசாங்கத்தார் 2013 முதல் ஒரு திட்டம் நடத்தி வருகின்றனர். ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து யாதுமில்லை. உண்டெனக் கூறி விற்பாரிடம் பெற்றோர் பொருளிழத்தல் பரிதாபத்துக்குரியது. பேச்சுப் பயிற்சியும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் பயிற்சியும், பொறுமையுள்ள ஆசிரியருமே வேண்டற்பாலன.

இனிப் பள்ளியைக் குறித்துப் பார்ப்போம். இடமில்லை என்ற சொல்லைப் பல வாயில்களிற் கேட்டுத் திரும்பும் பெற்றோர் அநேகர். ஆயினும் சட்டம் அவர் பக்கமே நிற்கின்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பெற்றது. அதில் எண்ணப்பட்ட 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. அதன்படி, குறித்த அளவு குறைபாடுடையாரெனச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையுள்ள குழந்தை, அண்மையிலுள்ள பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையுடையது. ஆதலால் பெற்றோர் முதற்கண் அரசாங்க வைத்தியசாலையிற் சான்றிதழ் பெறுதல் நலம். வட்டார வள மையங்களிலுள்ள சிறப்பாசிரியரும் வழிகாட்டுவர்.

பொதுப் பள்ளியோ, சிறப்புப் பள்ளியோ எது நன்றென வினவின், பெயரை நோக்காது குழந்தையை நோக்குக என்போம். அன்றைய வேலைகளைப் படங்களால் வரிசைப்படுத்திக் காட்டுகின்றனரா? இரைச்சல் மிக்கபோது ஒதுங்க அமைதியான மூலையுண்டா? பேச இயலாத பிள்ளைக்குப் படம் முதலியவற்றால் கருத்துணர்த்தக் கற்பிக்கின்றனரா? அடித்தலும் கட்டிவைத்தலும் அறவே இல்லையா? இவற்றைப் பெற்றோர் நேரிற் கண்டு துணிதல்வேண்டும்.

இத்தகைய பணி நம் நாட்டுப் பகுதிக்குப் புதிதன்று. பாளையங்கோட்டையிலே ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பார்வையற்றோர்க்கும், சுவைன்சன் அம்மையார் 1897-இல் செவிகேளாதோர்க்கும் பள்ளிகள் தொடங்கினர். இவர்கட்குக் கல்வி ஏன் என்று உலகம் வினவிய காலம் அது. அவ்வினாவுக்கு அப்பள்ளிகளிற் பயின்றோரே விடையாயினர். ஆட்டிசமுள்ள குழந்தைகளைக் குறித்து இன்றும் அதே வினா எழுகின்றது.

மாணவ நண்பர்களே! இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற சிறப்புக் கல்விப் படிப்புகள் உள. பட்டம் பெற்றபின் உங்களுட் சிலரேனும் அத்துறையிற் புகுவீராயின், வீட்டில் தங்கிய குழந்தைகள் பலர்க்குப் பள்ளி வாயில் திறக்கும். ஏனையோரும், தெருவில் அத்தகைய குழந்தை அழக்கண்டால், அதன் தாயை முறைத்து நோக்காது, யாது உதவி வேண்டுமென வினவுதல் தகும்.