உப்பா, சர்க்கரையா?

ரஸ்ட் மொழி பழகும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரே பெட்டியில் சில நேரம் எண் வரும், சில நேரம் பெயர் வரும். இவ்வளவு கறாரான மொழியில் அதை எப்படி வைப்பது? பைத்தானில் இந்தத் தொல்லையே இல்லையே!"

பைத்தானிலும் உண்டு, அம்மா. புரோகிராம் ஓடும்போது தெரியவரும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு மளிகை முழுக்கப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில்தான் இருக்கும். எதில் உப்பு, எதில் சர்க்கரை என்பது அம்மாவுக்கு மட்டுமே தெரியும். அவர் ஊருக்குப் போயிருந்த நாளில் அப்பாவுக்கு நான் போட்டுக் கொடுத்த காபியைப் பற்றி இன்றைக்கும் பேச்சு வரும்.

சி மொழியின் 'யூனியன்' அப்படியொரு பாட்டில். இருப்பது நான்கு பைட் இடம் என்று வையுங்கள். தசம எண்ணையும் போடலாம், முழு எண்ணையும் போடலாம். இப்போது உள்ளே எது என்று எங்கும் எழுதியிருக்காது. 1.0 என்று தசம எண்ணாகப் போட்டு, முழு எண்ணாக எடுத்துப் பாருங்கள். 1065353216 வரும்! குப்பை எண் இல்லை இது. தசம எண்ணை வைக்கும்போது 32 பிட்டில் முதல் பிட் கூட்டல்-கழித்தல் குறி. அடுத்த எட்டு பிட் இரண்டின் அடுக்கு, 127ஐக் கூட்டி எழுதப்படும். மீதி 23 பிட் பின்னம். 1.0க்கு அடுக்கு பூஜ்யம். ஆகவே 127 மட்டும் 23 இடம் தள்ளி நிற்கிறது. 127ஐ 8388608ஆல் பெருக்கினால் கணக்கு நேராகும். 1999இல் வந்த குவேக் 3 விளையாட்டு, தசம எண்ணை இப்படி முழு எண்ணாகப் படித்தே வர்க்கமூலத்தின் தலைகீழை விரைவாகக் கணக்கிட்டது. தெரிந்து செய்தால் வித்தை. தெரியாமல் செய்தால் உப்புக் காபி.

பாஸ்கல் மொழி பாட்டிலில் சீட்டு ஒட்டியது, ஆனால் படித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. ரஸ்டில் இப்படிச் சீட்டு ஒட்டிய பாட்டிலான 'ஈனம்' (enum) வற்புறுத்துகிறது: 'மேட்ச்' போட்டு, எண்ணாக இருந்தால் இது, பெயராக இருந்தால் இது என்று எல்லாவற்றுக்கும் வழி சொல்ல வேண்டும். ஒன்று விட்டாலும் கம்பைல் ஆகாது.

நம் கல்லூரிகளிலோ யூனியன் இன்னும் இரண்டு மார்க் கேள்விதான்: இடம் மிச்சமாகும் என்று எழுதினால் போதும். உள்ளே இருப்பதை மாற்றிப் படித்துவிடும் ஆபத்தை யார் சொல்லித் தருகிறார்கள்? ரஸ்டுக்கு வந்தவர்களும் சோம்பலில், 'மற்றதெல்லாம்' என்று ஓர் அடிக்கோட்டைப் போட்டுத் தப்பிக்கிறார்கள். உங்கள் புரோகிராமிலும் அது இருந்தால் எடுத்துவிட்டுக் கம்பைல் செய்யுங்கள். விடுபட்டது எதுவென்று பெயரோடு காட்டும்.