குருத்தணு மாற்றும் இரத்தத்தின் குறிகளும்

இரத்தப் புற்று முதலிய நோய்களில், பழுதுற்ற எலும்பு மஜ்ஜையை மருந்தாலோ கதிராலோ அழித்துவிட்டு, வேறொருவரின் குருத்தணுக்களை நோயாளியின் சிரைவழியே செலுத்துவர். இம்முறைக்கு அடிகோலிய அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1990-ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். நம் நாட்டில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983-லும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-லும் இச்சிகிச்சை தொடங்கிற்று.

சிறுநீரக மாற்றில், நோயாளியின் உடல் வந்த உறுப்பை அயலெனக் கருதி எதிர்க்கும். இங்கோ நிலைமை தலைகீழானது. ஈந்தவரின் டி-அணுக்கள் தாம் குடியேறிய உடலையே அயலெனக் கொண்டு தோல், கல்லீரல், குடல் ஆகியவற்றைத் தாக்கக்கூடும். இதனை, ஏற்றவரை ஒட்டு எதிர்க்கும் நோய் எனலாம். தோல் தடிப்பு, காமாலை, கழிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். இடர்ப்பாடு என்னவெனில், மருந்து ஒவ்வாமையிலும் தொற்றிலும் இவையே தோன்றும். ஸ்டீராய்டு மருந்தைத் தாமதித்துக் கொடுத்தால் குடல் சிதையும். வீணாகக் கொடுத்தாலோ தொற்றுக்கு வழி திறக்கும்.

ஆதலின் அறிஞர் இரத்தத்திலுள்ள புரதங்களை ஆராயத் தலைப்பட்டனர். அவற்றுள் இரண்டு சிறப்பானவை. ஒன்று ரெக்-3-ஆல்பா. குடற்சுவரின் குழிகளிலுள்ள பேனெத் அணுக்கள் கிருமிகளை விலக்குதற்பொருட்டு இதனைச் சுரக்கின்றன. குடலின் உட்படலம் சிதைந்தால், கரை உடைந்த வாய்க்கால் நீர்போல இது இரத்தத்தினுள் புகும். குடலை நேரே காணவொண்ணாத நிலையில், அதன் சேதத்தை இரத்தமே காட்டிவிடுகிறது! மற்றொன்று எஸ்.டி.-2. கரைந்த நிலையில் இரத்தத்தில் உலவும் இஃது, அழற்சியை அடக்கும் அணுக்களுக்குத் துணைபுரியும் இன்டர்லூக்கின்-33 என்னும் பொருளை இடையிலேயே பற்றிக்கொள்கிறது.

மாற்றின் 7-ஆம் நாளில், நோய்க்குறி தோன்றுமுன்னரே, இவ்விரண்டின் அளவையும் கொண்டு நோயாளிகளை இரு பிரிவாக்கிய ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. மூல நோய் திரும்பாமலே பிற காரணங்களால் 6 மாதத்துள் இறந்தோர், மிகு ஆபத்துப் பிரிவில் 100-க்கு 28, மற்றதில் 7. நான்கு மடங்கு வேறுபாடு. ஆயினும் முதற்பிரிவிலும் 72 பேர் அவ்வாறு இறக்கவில்லை என்பதை மறத்தலாகாது. இக்குறி ஆபத்தின் அளவேயன்றித் தீர்ப்பு அன்று.

முன்னறிந்தால் முன்தடுக்கலாம் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. மிகு ஆபத்துடைய 30 பேருக்கு ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் கொடுத்துப் பார்த்தனர். ஸ்டீராய்டுக்கு அடங்காத நோய் அதனால் குறையவில்லை என 2020-இல் அறிவிக்கப்பட்டது. நோயை அறியும் கருவி, அதைத் தடுக்கும் மருந்தினும் முந்திவிட்டது.

மாற்றுக்குப்பின் ஊர் திரும்பியவரைக் களப்பணியாளர் காண நேரிடலாம். உள்ளங்கை, உள்ளங்காலில் சிவப்புத் தடிப்போ, நீர்க்கழிச்சலோ, கண் மஞ்சளோ கண்டால், உணவுக் கோளாறென எண்ணி நாள் கடத்தாமல், மாற்றுச் செய்த மருத்துவமனைக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். மாற்று நடந்த தேதியையும் உட்கொள்ளும் மருந்துகளையும் குறித்த சீட்டொன்றை நோயாளியிடமே கொடுத்தனுப்புக.