தபால் பெட்டியில் அப்பா பெயர்: ஜெர்மனி கிளம்பும் ஜூனியர்களுக்கு ஒரு வங்கிப் பாடம்

இந்த வருஷமும் நம்ம காலேஜ்ல இருந்து எம்.எஸ். படிக்க ஜெர்மனி கிளம்புறவங்க நிறைய பேர் மெசேஜ் பண்றீங்க. குக்கர் எத்தனை லிட்டர், இட்லி அரிசி கிடைக்குமா, ஜாக்கெட் இங்கேயே வாங்கணுமா என்று எல்லாம் கேட்குறீங்க. வங்கிக் கணக்கைப் பற்றி மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. போன வருஷம் நானும் கேட்கவில்லை. அதற்கான தண்டனையை கெம்னிட்ஸ் நகரத்தில் முதல் ஆறு வாரம் அனுபவித்தேன். நீங்களாவது தப்பிச்சுக்கோங்க.

பூட்டு போட்ட 12 லட்சம்

மாணவர் விசாவுக்கு ஒரு வருடச் செலவுக்கான பணம் கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் அதை 'ஷ்பெர்கோன்டோ' மூலம் காட்டுகிறார்கள். பூட்டிய கணக்கு என்று அர்த்தம். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. நம்ம காசுக்கு சுமார் 12 லட்சம். அவ்வப்போது ஏற்றுவார்கள், அதனால் விண்ணப்பிக்கும் நாளில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் விஷயத்தில் அது அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய லோன். '12 லட்சம் அக்கவுன்ட்ல இருக்கு, நமக்கென்ன கவலை' என்று கையில் 600 யூரோவோடு விமானம் ஏறினேன். அங்கேதான் தப்பு. பூட்டிய கணக்கிலிருந்து மாதம் 992 யூரோதான் வெளியே வரும். அதையும் நேராக எடுக்க முடியாது. 'ஜீரோகோன்டோ' என்ற அன்றாடக் கணக்கை ஒரு வங்கியில் திறந்து, அந்த எண்ணைக் கொடுத்த பிறகுதான் முதல் தவணை வரும்.

ஓ.எஸ். பேப்பரில் படித்த டெட்லாக்

அன்றாடக் கணக்கு திறக்க பாஸ்போர்ட், விசா, பல்கலைக்கழகச் சான்றிதழ் இதெல்லாம் போக, பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்றும் கேட்கும். வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதுதான் 'அன்மெல்டுங்'. அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். வீட்டு உரிமையாளரோ முதலில் அட்வான்ஸ் கேட்பார். அட்வான்ஸ் கொடுக்கப் பணம் வேண்டும். பணம் பூட்டிய கணக்கில் இருக்கிறது!

ஒன்றுக்காக இன்னொன்று வட்டமாகக் காத்து நிற்கிறது, பாருங்கள். இந்த வட்டத்தை உடைக்க ஒரே வழி, வெளியிலிருந்து கொஞ்சம் பணம். பூட்டிய கணக்கை மறந்துவிட்டு, முதல் ஆறு வாரச் செலவையும் வீட்டு அட்வான்ஸையும் தனியாக, ஃபாரெக்ஸ் கார்டிலும் கொஞ்சம் ரொக்கமாகவும் கொண்டு வாருங்கள். ஜெர்மனியில் அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகைதான். அதற்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. வீட்டைப் பார்க்காமல், ஒப்பந்தம் கைக்கு வராமல் யார் கேட்டாலும் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.

ஒரு வங்கி 'முடியாது' என்று சொன்னால் பயப்படாதீர்கள். 2016 முதல் ஜெர்மனியில், சட்டப்படி ஐரோப்பிய ஒன்றியத்தில் தங்கியிருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை உண்டு. 'பாசிஸ்கோன்டோ' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பழனிச்சாமியைத் தேடிய கடிதம்

எப்படியோ நான் கணக்கு திறந்துவிட்டேன். கார்டு ஒரு கவரிலும் ரகசிய எண் இன்னொரு கவரிலும் தபாலில் வரும் என்றார்கள். ஒரு வாரம் போச்சு, இரண்டு வாரம் போச்சு, ஒன்றும் வரவில்லை. கையில் 40 யூரோ. தினமும் சோறும் ஊறுகாயும்தான். ரூம்மேட்டிடம் கடன் வாங்க வெட்கப்பட்டுக்கொண்டு, அம்மாவிடம் 'நல்லா சாப்பிட்டேன்மா' என்று பொய் சொன்ன நாட்கள் அவை.

வங்கிக்குப் போனால், 'உங்கள் கடிதம் திரும்பி வந்துவிட்டது' என்றார்கள். காரணம் என்ன தெரியுமா? ஜெர்மனியில் வீட்டு எண்ணோ அறை எண்ணோ மட்டும் போதாது. தபால் பெட்டியில் பெயர் இருந்தால்தான் கடிதம் போடுவார்கள். நான் 'தினேஷ்' என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தேன். ஆனால் என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் இருப்பது அப்பா பெயர். கடிதம் வந்தது 'திரு. பழனிச்சாமி'க்கு! நம்ம ஊரில் இனிஷியலாக இருக்கும் அப்பா, அங்கே முழுப்பெயராகிவிடுகிறார்.

அன்று மாலையே பெட்டியில் இரண்டு பெயரையும் ஒட்டினேன். அடுத்த வாரம் கார்டு வந்தது. போனில் சொன்னபோது அப்பா கேட்டார்: "ஏன்டா, என் பேரு ஜெர்மனில ஒட்டியிருக்கா?" லோன் வாங்கியதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் கேட்கவே இல்லை.

ஆகவே: பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் பெயர் கொடுங்கள். அதையே தபால் பெட்டியிலும் ஒட்டுங்கள். 11 இலக்க வரி எண்ணும் அதே பெட்டிக்குத்தான் வரும். வந்ததும் வங்கிக்கும், பார்ட் டைம் வேலை கொடுப்பவருக்கும் தெரிவியுங்கள்.

22 எழுத்து எண்

கணக்கு எண்ணை 'இபான்' என்பார்கள். ஜெர்மனியில் 22 எழுத்து: நாட்டுக் குறியீடு 2, சரிபார்ப்பு எண் 2, வங்கிக் குறியீடு 8, கணக்கு எண் 10. முதல் நான்கு எழுத்துகளைக் கடைசிக்கு நகர்த்தி, எழுத்துகளை எண்ணாக மாற்றி, 97-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். ஒரு இலக்கம் தப்பாகத் தட்டினாலும் சிஸ்டம் கண்டுபிடிப்பது இதனால்தான். ஒரு சின்ன பைத்தான் புரோகிராம் எழுதிப் பாருங்களேன்!

தானாகப் போகும் பணம்

வாடகைக்கு 'டவர்ஆஃப்ட்ராக்' போடுங்கள். மாதாமாதம் குறித்த தேதியில் நீங்கள் சொன்ன தொகையை வங்கி அனுப்பிவிடும். காப்பீடு, மொபைல் பில் போன்றவற்றுக்கு 'லாஸ்ட்ஷ்ரிஃப்ட்'. இதில் நீங்கள் அனுமதி கொடுத்த நிறுவனமே பணத்தை எடுத்துக்கொள்ளும். தப்பாக எடுத்தால் எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமலேயே வங்கியிடம் திரும்பக் கேட்கலாம். அனுமதியே கொடுக்காமல் எடுத்திருந்தால் 13 மாதம் வரை அவகாசம் உண்டு. மாதம் ஒரு தடவை ஸ்டேட்மென்ட் பாருங்க, அது போதும்.

கணக்கில் பணமில்லாமல் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் திரும்பினால் கட்டணம் விழும். பில் கட்டாமல் இழுத்துக்கொண்டே போனால் அது 'ஷூஃபா' என்ற கடன் வரலாற்றுப் பதிவிலும் ஏறலாம். அடுத்த வீடு தேடும்போது உரிமையாளர் முதலில் கேட்பது அந்தச் சான்றைத்தான்.

"உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு"

இதைக் கவனமாகப் படிங்க. 'உன் அக்கவுன்ட்டுக்கு 2,000 யூரோ வரும், 1,800 அனுப்பிவிட்டு மீதியை வச்சுக்கோ' என்று பார்ட் டைம் வேலை போல ஒருவர் வருவார். அது யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம். உங்கள் கணக்கு வழியாகப் போனால் பணமோசடி வழக்கில் நீங்கள்தான் முதலில் மாட்டுவீர்கள். கணக்கு முடங்கும், விசாவுக்கும் ஆபத்து. கையில் 40 யூரோ இருக்கும்போதுதான் இந்த ஆசை வரும் என்பது எனக்குத் தெரியும். ரூம்மேட்டிடம் கூச்சப்படாமல் கடன் கேளுங்கள். நானும் கடைசியில் கேட்டேன். உடனே கொடுத்தான்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

இந்திய சிம்முக்கு ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நம்ம வங்கி ஓ.டி.பி. வராது. ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுவது பற்றி உங்கள் கிளையில் பேசிவிடுங்கள். லோன் கடிதம், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு அப்பா அம்மாவிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

குக்கர் மூணு லிட்டர் போதும். தபால் பெட்டிக்கு ஒட்ட ஒரு பெயர்ச்சீட்டு மறக்காம எடுத்துட்டுப் போங்க. அதில் அப்பா பெயரும் இருக்கட்டும். வாழ்த்துகள்!