வீலில் பொறித்த எண்

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில்தான் அலாய் வீலின் வண்டவாளம் தெரியும். கள்ளக்குறிச்சியில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் என்னிடம் பசங்க பளபளப்பைத்தான் கேட்கிறார்கள்; ‘ஈ.டி.’ எண்ணை யாரும் கவனிப்பதில்லை. வீலின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம் அது, மில்லிமீட்டரில். அதுதான் ஆஃப்செட்.

45 இருந்த இடத்தில் 35 போட்டால், வீலின் அகலம் மாறாவிட்டாலும் ஒவ்வொரு சக்கரமும் 10 மி.மீ. வெளியே தள்ளும், இடது வலது இடைவெளி 20 மி.மீ. கூடும். வளைவில் வண்டி கொஞ்சம் அழுத்தமாக நிற்கும், உண்மைதான். ஆனால் டயர் தரையை மிதிக்கும் இடமும் வெளியே நகர்கிறதே! பல கார்களில், ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். பேரிங்குக்கும் சுமை. ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டீயரிங் கூர்மை என்பதால் இன்னும் பளிச்சென்று தெரியும். மலை ரோட்டுக்குக் கம்பெனி கொடுத்த எண்ணே போதும் என்பது என் கட்சி.