காறிய எண்ணெயும் வைட்டமின் ஈயும்

காறல் வாடை வீசும் எண்ணெயை வீணாக்க மனமின்றி மீண்டும் அடுப்பிலேற்றுகிறோம். அதில் நடந்திருப்பது என்ன? கொழுப்பு ஆக்சிஜனுடன் கூடும்போது, இணையற்ற எலெக்ட்ரான் கொண்ட தனி உறுப்புகள் தோன்றுகின்றன. ஒவ்வொன்றும் அண்டை மூலக்கூற்றின் ஹைட்ரஜன் அணுவைப் பறிக்க, வினை சங்கிலியாய்த் தொடர்கிறது. வைட்டமின் ஈ தன் ஹைட்ரஜனை ஈந்து சங்கிலியை அறுக்கிறது; தானும் செலவாகிவிடுகிறது.

1922-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் எவான்ஸ், பிஷப் இருவரும் பன்றிக்கொழுப்பு சேர்ந்த உணவில் எலிகளை வளர்த்தனர். எலிகள் கருவுற்றன; ஆனால் கருக்கள் வயிற்றிலேயே அழிந்தன. லெட்யூஸ் கீரை கொடுத்ததும் குட்டிகள் பிறந்தன. கீரையிலிருந்த அப்பொருளே வைட்டமின் ஈ. காறிய கொழுப்பு உணவிலுள்ள இவ்வைட்டமினைத் தீர்த்துவிடும் என்பது பின்னர் தெளிவாயிற்று.

எனினும், வைட்டமின் ஈ மாத்திரை கருச்சிதைவைத் தடுப்பதாக மனிதரிடம் நடந்த சோதனைகள் காட்டவில்லை. ஆகவே எண்ணெயை அளவாக வாங்குவோம், காறியதைக் கொட்டிவிடுவோம்.