காற்றுக் காலத்தில் காலி வண்டி: கவனம் தேவை

விளைபொருளைச் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியில் பாரம் இல்லை. ஆகவே ஆபத்தும் இல்லை என்று விவசாயிகள் பலர் எண்ணுகின்றனர். காற்றுக் காலத்தில் உண்மை இதற்கு நேர்மாறானது. களத்தில் தூற்றும்போது நெல்மணி நேராக விழுகிறது. பதர் பறந்து போகிறது. பாரம் ஏற்றிய வண்டி நெல்மணியைப் போன்றது. காலி வண்டி பதரைப் போன்றது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் காற்று நெருக்குண்டு வேகமாக வெளிவருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு ஆகியவற்றை ஒட்டிய சாலைகளில் செல்வோர் இதை நன்கு அறிவர். முப்பந்தலிலும் உடுமலை வட்டாரத்திலும் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்கு இக்காற்றே காரணம்.

காற்றின் வலு

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளும் வலு நான்கு மடங்காகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தருகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இது 17 கிலோவாக உயர்கிறது. 'குட்டி யானை' என்று மக்கள் அழைக்கும் சிறிய லாரியில் தார்ப்பாய் கட்டியிருந்தால், பக்கவாட்டுப் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர் இருக்கும். அதன்மீது 85 கிலோ அளவுக்குத் தள்ளல் விழும். முக்கால் டன் பாரத்துடன் செல்லும்போது சக்கரங்களுக்குத் தரையில் இருந்த பிடிப்பு, காலியாகத் திரும்பும்போது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து விடுகிறது.

வடக்கு நோக்கிச் செல்லும் வண்டியை மேற்குக் காற்று வலப்புறமாகத் தள்ளும். குறுகிய சாலையில் அதுவே எதிரே வண்டிகள் வரும் பக்கம். ஓட்டுநர் பதறி ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பும்போதுதான் பெரும்பாலும் வண்டி கவிழ்கிறது.

புறப்படும் முன்

1. காலி வண்டியில் தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டி, அடித்தளத்தில் வைத்துக் கட்டவும். தொளதொளவென்று கட்டிய தார்ப்பாய் கப்பல் பாயைப் போல் காற்றைப் பிடிக்கும்.

2. காலிப் பெட்டிகளையும் கூடைகளையும் உயரமாக அடுக்கலாகாது. தாழ்வாகப் பரப்பிக் கயிற்றால் இறுக்கவும். பறந்து விழும் ஒரு பெட்டி, பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டியின் உயிரைப் பறித்துவிடும்.

3. உரம், புண்ணாக்கு, தீவனம் வாங்க வேண்டியிருந்தால் அதே நடையில் வாங்கி வரலாம். மூட்டைகளை ஒரே அடுக்காக, ஓட்டுநர் அறையை ஒட்டி, இருபுறமும் சமமாகப் பரப்பவும். பின் கோடியில் குவித்தால் முன் சக்கரங்களின் பிடிப்பு குறையும்.

4. பூ மூட்டை, வைக்கோல், பஞ்சு முதலியவை பரப்பில் பெரியவை, எடையில் குறைந்தவை. காற்று நாளில் இவற்றின் உயரத்தைக் குறைத்து ஏற்றவும்.

5. வண்டி காலிதானே என்று வேலையாட்களைப் பின்னால் ஏற்றி வருவது கூடாது. வண்டி சாய்ந்தால் முதலில் தூக்கி எறியப்படுவோர் அவர்களே.

சாலையில்

காற்று பொதுவாக அதிகாலையில் குறைந்தும், நண்பகலுக்குப் பின் கூடியும் வீசும். ஆகவே விற்பனை முடிந்தவுடன் காலையிலேயே திரும்புவது நன்று. பலத்த காற்றில் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம். இரு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, சிறிது சிறிதாகவே திருப்பவும்.

மரவரிசை முடியும் இடம், பாலம், ஏரிக்கரை, மலை இடைவெளி ஆகிய இடங்களில் காற்று திடீரெனத் தாக்கும். அவ்விடங்களை நெருங்கும் முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். பெரிய லாரியையோ பேருந்தையோ முந்தும்போது காற்று ஒரு கணம் மறைந்து, அதைக் கடந்தவுடன் மீண்டும் மோதும். எனவே முந்துவதைத் தவிர்ப்பதே நல்லது.

சாரலில் நனைந்த சாலையில் காலி வண்டியின் பிரேக்கை அழுத்தி மிதித்தால், பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, மெதுவாகப் பிரேக் போடவும்.

வண்டி தடத்தில் நிற்காமல் அலைந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். மரம், மின்கம்பி, விளம்பரப் பலகை ஆகியவற்றை விட்டு விலகி, இயன்றவரை காற்று வரும் திசைக்கு முன்புறம் இருக்குமாறு நிறுத்தவும். கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திறக்கவும்.

வாடகை வண்டியானால், அடுத்த நடைக்கு நேரமாகிறது என்று ஓட்டுநரை அவசரப்படுத்த வேண்டாம். பலத்த தரைக்காற்று வீசும் என்று வானிலை மையம் அறிவிக்கும் நாளில் ஒரு மணி நேரம் காத்திருப்பதால் இழப்பு சிறிதே. வண்டி கவிழ்ந்தால் ஒரு போகத்தின் இலாபம் முழுவதும் போய்விடும். உயிர் போனாலோ எந்த விளைச்சலாலும் அதை ஈடு செய்ய இயலாது.