அண்டை வீட்டுக்கும் வெளிச்சம்

பெரம்பலூரில் என் முன்னாள் மாணவர் ஒருவர் தம் வீட்டு மாடியில் சூரிய மின்தகடுகள் அமைத்திருக்கிறார். கடந்த கோடையில் ஒரு நண்பகலில் நான் அங்கிருந்தபோது மின்தடை ஏற்பட்டது. வெயில் கொளுத்தியது, மின்விசிறியோ நின்றுவிட்டது. "மாடியில் மின்சாரம் இருக்கிறது ஐயா, வீட்டுக்குள் இல்லை" என்று சிரித்தார்.

இது பழுதன்று. மின்கலம் இன்றிப் பொது மின்கட்டமைப்புடன் இணைந்த சூரிய அமைப்பு, அக்கட்டமைப்பு செயலிழந்தால் தானும் நின்றுவிட வேண்டும். இல்லையேல், மின்கம்பத்தில் பணியாற்றும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து. ஆயினும், பெரம்பலூர், அரியலூர் போன்ற வெயில் மிகுந்த மாவட்டங்களில் ஒவ்வொரு கூரையும் தொலைதூர மையத்தை நம்பியேதான் இயங்க வேண்டுமா?

நேர்மின்னோட்டச் சிறுகட்டமைப்பு இதற்கு ஒரு மாற்று. சூரியத் தகடு தருவதும், மின்கலம் சேமிப்பதும், எல்இடி விளக்கும் கைப்பேசியும் ஏற்பதும் நேர்மின்னோட்டமே. அதை மாறுமின்னோட்டமாக்கி மீண்டும் நேர்மின்னோட்டமாக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு நேர்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய 48 வோல்ட் நேர்மின் முறை, ராஜஸ்தானில் ஏறத்தாழ 4,000 வீடுகளுக்கு ஒளி தந்தது. அங்கு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி அமைப்பு. பல வீடுகளை ஒரே கம்பியில் இணைப்பது அடுத்த படி.

அப்போது யார் எவ்வளவு மின்சாரம் தருவது? ஒரு மையக் கணினி கட்டளையிடலாம்; அது பழுதானால் ஊரே இருளும். எனவே, பொறியாளர்கள் கட்டுப்பாட்டைப் பகிர்ந்தளிக்கிறார்கள். ஒவ்வொரு மின்மூலமும் தன் சுமை கூடக்கூடத் தன் மின்னழுத்தத்தைச் சற்றே குறைத்துக்கொள்ளும். உடனே மற்றவை கூடுதல் சுமையை ஏற்கும். யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை.

பொருளியல் மாணவனான எனக்கு இது புதிதன்று. சிதறிக் கிடக்கும் தகவல்களை விலை என்ற ஒற்றை எண் எல்லாரிடமும் சேர்க்கிறது என்று 1945-இல் ஹாயக் எழுதினார். இங்கே மின்னழுத்தமே விலை.

ஆனால், விலை மட்டுமே நியாயத்தைத் தந்துவிடாது. கம்பியின் மின்தடை காரணமாக, மின்சாரத்தை அதிகம் நுகரும் இடத்துக்கு அருகிலுள்ள வீடே கூடுதல் சுமையைத் தாங்கும். அதன் மின்கலமே முதலில் தேயும். இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு கருவியும் தன் அண்டைக் கருவிகளுடன் மட்டும் அளவுகளைப் பரிமாறிக்கொண்டு, சராசரியை நோக்கித் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அண்டை வீட்டாரின் பேச்சே மெல்ல மெல்ல ஊர் உடன்பாடாகிறது. ஒரு கருவி விலகினாலும், எஞ்சியவற்றுக்குள் தொடர்பு அறாதவரை ஏற்பாடு தொடரும்.

ஓர் ஏரியின் மிகைநீர் அடுத்த ஏரிக்குப் பாய்வதையும், ஊரார் கூடி நீர்முறை வகுப்பதையும் அறிந்த மண் இது. கருவிகள் சுமையைப் பகிரும். தேய்ந்த மின்கலத்தை மாற்றும் செலவையும், மின்சாரம் குறையும் இரவில் யாருக்கு முன்னுரிமை என்பதையும் மனிதர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும்.

2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ரூ.78,000 வரை மானியம் தருகிறது. அது முதன்மையாகத் தனி வீடுகளை நோக்கியது. தகடு பொருத்தத் தக்க கூரை இல்லாதவர் அதில் எங்கே இருக்கிறார்? இவ்விரு மாவட்டங்களிலும் ஒரு சிற்றூரையேனும் தேர்ந்து, உள்ளூர்ப் பொறியியல் கல்லூரிகளின் துணையுடன் கூட்டு நேர்மின் அமைப்பை அரசு சோதித்துப் பார்க்கலாம். வெயில் எல்லாருக்கும் பொது. அதன் பயனும் பொதுவாகட்டும்.